பைக்குள் ஒரு பரங்கிக்கொடி



போன மாதம் எங்கள் மொட்டைமாடிப் பரங்கிக்காயின் படத்தைப் போட்டதிலிருந்து ஒரே கேள்விதான். "டீச்சர், எங்க வீட்டுப் பையிலயும் கொடி நல்லாப் படருது, பூவும் பூக்குது. பிஞ்சு மட்டும் மஞ்சளாகி விழுந்துடுது. என்ன செய்யறது?" தனித்தனியாகப் பதில் எழுத இந்த வயதில் விரல் ஒத்துழைப்பதில்லை. இங்கேயே எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

முதலில் விதையைப் பற்றி. இது கடையில் வாங்கியதல்ல. எங்கள் அம்மா கொல்லையில் வருடாவருடம் போட்ட பரங்கி. அம்மா போய், வீடும் கொல்லையும் கைமாறியபோது, சாம்பல் கலந்து துணியில் முடிந்து வைத்திருந்த விதை என்னிடம் வந்தது. எண்ணிப் பார்த்தேன், 12 இருந்தன. விதைக்கு வயதாக ஆக முளைப்புத் திறன் குறையும். இன்னும் இரண்டு மூன்று வருடம் தள்ளிப்போட்டால் அந்தப் பரங்கியே எங்கள் குடும்பத்தில் இல்லாமல் போய்விடும். எனக்கோ கைப்பிடி நிலம் கிடையாது.

கொல்லையில் அம்மா விதையை ஊன்றியதோடு சரி. வேர் தன் போக்கில் போய்த் தண்ணீரைத் தேடிக்கொண்டது. மற்றதைத் தேனீ பார்த்துக்கொண்டது. பையில் வளர்ப்பதென்றால் மண்ணின் வேலையையும் தேனீயின் வேலையையும் நாம்தான் செய்யவேண்டும். பாடம் இவ்வளவுதான்.

பை குறைந்தது 50 லிட்டர் கொள்ளவேண்டும். ஒரு பைக்கு ஒரு செடிதான். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம பங்கு, கூட இரண்டு கை வேப்பம் புண்ணாக்கு. நீர் குடித்த பை ஓர் ஆள் கனம் கனக்கும். அதனால் மாடியின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, செங்கல் மேல் வையுங்கள். அடியில் நீர் தேங்காது, தளமும் ஓதம் வாங்காது. காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். வெயில் காலத்தில் மாலையும் ஒருமுறை தேவைப்படும்.

ஆடி முதல் வாரம் நான்கு விதை போட்டேன். மூன்று முளைத்தன. அதில் ஒன்றை இரண்டு இலைப் பருவத்திலேயே சிவப்பு வண்டு தின்றுவிட்டது. விடியற்காலையில் அந்த வண்டு மந்தமாக இருக்கும். மற்ற இரண்டையும் தினமும் அந்த நேரத்தில் போய்க் கையால் பொறுக்கித்தான் காப்பாற்றினேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. முதலில் ஆண்பூக்களாகத்தான் வரும். அவை உதிர்ந்தால் கவலை வேண்டாம். பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண்பூ. மகரந்தம் சேராவிட்டால் அந்தப் பிஞ்சு நாலைந்து நாளில் மஞ்சளாகி விழும். மார்கழியில் கோலத்துக்குப் பூப் பறிக்கப் போகும்போது அம்மா, "அடியில காய் இருக்கறதத் தொடாதே" என்பார். அறிவியல் வகுப்பில் நான் நடத்திய பாடம் அதுதான்.

பூ விடியலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். காலை 8 மணிக்குள் ஆண்பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். சமையலுக்கு மட்டும் வேண்டுமென்றால் இது போதும்.

எனக்கோ அம்மாவின் விதை கலப்பில்லாமல் வேண்டும். பக்கத்து மாடியிலும் பரங்கி இருக்கிறது. வேறு மகரந்தம் சேர்ந்தால் இந்தக் காய் மாறாது, ஆனால் உள்ளே இருக்கும் விதை மாறிவிடும். எனவே மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளின் நுனியை முதல் நாள் மாலையே நூலால் கட்டிவிட்டேன். காலையில் அவிழ்த்து, தடவி, பெண்பூவை மறுபடியும் கட்டினேன். முதல் இரண்டு பிஞ்சும் மழையில் போயின. செப்டம்பரில் மூன்றாவது தங்கியது. அதற்குமேல் நாலைந்து இலை விட்டுக் கொடியின் நுனியைக் கிள்ளிவிட்டேன். பையில் இருக்கும் சத்துக்கு ஒரு கொடியில் ஒரு காய் போதும்.

காம்பு கட்டையாகக் காய்ந்தபிறகு பறித்து, இரண்டு வாரம் வைத்திருந்து, நேற்று வெட்டினேன். நாலரை கிலோ. கொல்லையில் காய்த்ததில் பாதிகூட இல்லை. கூட்டு செய்து தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். சாப்பிட்டுவிட்டு போன் செய்தான். "அக்கா, இது நம்ம கொல்லைக் காய்தானே?" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை.

கழுவி நிழலில் உலர்த்தியிருக்கும் விதைகள் 160-க்கு மேல் இருக்கின்றன. என் வேண்டுகோள் இதுதான். ஒரே வீட்டில் ஒரே டப்பாவில் இருக்கும் விதை என்றைக்கும் ஆபத்துதான். கொல்லை, வயலோரம், மாடி, எது இருந்தாலும் எனக்குத் தனிச்செய்தியில் முகவரி அனுப்புங்கள். ஆளுக்கு 5 விதை அனுப்புகிறேன். தைப் பட்டத்துக்குப் போடலாம். காய்த்தால் கூட்டு நீங்கள் சாப்பிடுங்கள், 5 விதை எனக்குத் திருப்பி அனுப்புங்கள். மாடியில் வளர்ப்பவர்கள் நூல்கண்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.