ஊசி முனையில் மெராபி

இரவு இரண்டு மணி. சன்னலுக்கு வெளியே மூடுபனி. நாலைந்து கிலோமீட்டர் தள்ளி மெராபியின் உச்சி இருக்கிறது. இருக்கிறது என்பதற்குக் கண்ணில் ஒரு சாட்சியும் இல்லை. ஜாவாத் தீவின் நடுவே, யோக்யகர்த்தாவுக்கு வடக்கில், ஏறத்தாழ 2,900 மீட்டர் உயர எரிமலை. அதன் மேற்குச் சரிவில் பாபாடான் கண்காணிப்புச் சாவடி. சிறிய அறையில் ஒரு மனிதர் மட்டும் விழித்திருக்கிறார். எதிரே உருளையில் சுற்றிய காகிதம் மெல்லச் சுழல, ஊசி மைக்கோடு இழுத்துக்கொண்டே போகிறது.

கோடு மெல்லத் தடிக்கிறது, நடுவில் பருக்கிறது, மெலிந்து ஓய்கிறது. நூல் சுற்றிய கதிர் போல ஓர் உருவம். உச்சியிலிருந்து பாறை உருண்டிருக்கிறது. ‘குகுரான்’ என்பார்கள் இங்கே. அவர் அளவுகோல் வைத்து நீளம் பார்க்கிறார், பென்சிலால் குறிக்கிறார். முகத்தில் சலனமில்லை.

பாறைக்குள் விரிசல் விழுந்தால் ஊசி சட்டெனத் துள்ளி, பிறகு தேயும். அதற்குத் தொடக்கம் உண்டு; முதல் அலைக்கும் இரண்டாவது அலைக்கும் உள்ள இடைவெளியை எண்ணித் தொலைவைச் சொல்லிவிடலாம். ட்ரெமர் என்னும் தொடர் அதிர்வு அப்படியல்ல. எப்போது தொடங்கியது என்று விரல் வைக்க முடியாது. மலைக்குள் வாயுவும் பாறைக்குழம்பும் வெடிப்புகளின் ஊடே நெருக்கியடித்து நகரும்போது சுவர்கள் அதிர்கின்றன. பெரும்பாலும் நொடிக்கு ஒன்றிலிருந்து ஐந்து முறை. மனிதக் காது கேட்கத் தொடங்குவதே இருபதில்தான். மலை பேசுவது நம் செவிக்குக் கீழே.

ஆனாலும் இங்கே அது கேட்கிறது. மேசை மூலையில் ஒரு வானொலிப் பெட்டி சீராக விசிலடித்துக்கொண்டிருக்கிறது. சரிவில் புதைத்த கருவி தன் அசைவை இந்த விசிலின் சுருதியில் ஏற்றி அனுப்புகிறது. தரை அதிர்ந்தால் சுருதி நடுங்கும். கீழே ஊர்களில் உழவர்களும் கைவானொலியில் இதே விசிலைப் பிடித்துக் கேட்பதுண்டு. அடுப்படியில் ஒரு மலையின் நாடித்துடிப்பு. விஞ்ஞானம் மக்களிடம் போய்ச் சேர இதைவிட நேரான வழியை நான் கண்டதில்லை.

இரண்டேகாலுக்கு விசில் லேசாகப் பிசிறுகிறது. கோடு முடி முளைத்தது போலத் தடிக்கிறது. இம்முறை ஓயவில்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுக்கிறார். இன்னொரு வானொலியில் வேறொரு சாவடியின் இளங்குரல்:

“பாக், காற்றா?”

“பொறு, மாஸ்.”

சரிவில் காற்று அடித்தாலும் கருவி நடுங்கும். ஒரே நிலையத்தில் தெரிந்தால் காற்று. எல்லாவற்றிலும் ஒரே சமயம் தெரிந்தால் மலை. மற்ற நிலையங்களின் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அவை மெல்லியவை. பத்து நிமிடம் கழித்து இதுவும் மெலிகிறது.

“காற்றுதான்.”

இந்த ஒரு சொல்லைச் சொல்ல ஏன் பத்து நிமிடம் என்பது 2010ஐ அறிந்தவர்களுக்கு விளங்கும். அக்டோபர் 25 அன்று எச்சரிக்கை உச்ச நிலைக்கு உயர்ந்தது. மறுநாள் மாலை மலை வெடித்தது. இறங்க மறுத்த மலைக்காவலர் ம்பா மரிஜான் தன் ஊரான கினாரெஜோவிலேயே மாண்டார். நவம்பர் தொடக்கத்தில் ட்ரெமர் விடாமல் வலுத்து, கருவிகள் அளக்கக்கூடிய எல்லையையே தாண்டியது. அபாய வட்டம் பத்திலிருந்து பதினைந்தாகி, 5ஆம் தேதி இருபது கிலோமீட்டர் ஆனது. அந்த நாள் பிறந்ததுமே பெருவெடிப்பு. அந்த வெடிப்புக் காலத்தில் மொத்தம் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்கூட்டி வெளியேற்றியதால் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் உயிர்கள் தப்பியிருக்கும் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. அத்தனை பேரும் இப்படி ஓர் ஊசியை இரவெல்லாம் பார்த்திருந்தவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

சேவல் கூவுகிறது. கீழே பாதையில் புல்லறுக்கப் போகும் பெண்களின் பேச்சு. அவர் எழுந்து முதுகை நிமிர்த்தி, சன்னலைத் துடைத்துப் பார்க்கிறார். வெள்ளைதான்.

ஆறு மணி அறிக்கை எழுதுகிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. முதல் வரி: மூடுபனி, மலை தெரியவில்லை. அடுத்து, பாறை உருண்டவை எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை நொடி. ட்ரெமர் என்ற இடத்துக்கு நேரே பூஜ்யம் போடுகிறார்.