மாட்டுவண்டியில் போன விமானம்

நெல்லு, மாடு, மழைன்னு எழுதிட்டு இருக்கிற இடத்துல இன்னிக்கு ஒரு ஏரோப்பிளேன் கதை. சம்பா அறுப்பு முடிஞ்சு வயல்ல உளுந்து முளைச்சு நிக்குது. பொழுது சாஞ்சா கைக்கு வேலை இல்லை. சென்னையில் வேலை பார்க்கிற மகள் பொங்கலுக்கு வந்தப்போ ஒரு டப்பா வாங்கிட்டு வந்தா. ரெண்டாம் உலகப்போர்ல ஜப்பான் கடற்படை ஓட்டின ‘ஜீரோ’ சண்டை விமானம், 72-ல் ஒரு பங்கு அளவு. நிஜ விமானத்தோட இறக்கை நுனிக்கு நுனி 12 மீட்டர். நம்ம மாடல்ல பதினேழு சென்டிமீட்டர்கூட வராது, ஒரு சாணுக்கும் குறைவு.

டப்பாவைத் திறந்தா சட்டம் சட்டமா பிளாஸ்டிக். ஒவ்வொரு துண்டையும் கட்டரால் நறுக்கி, பிசிறை உப்புத்தாள்ல தேய்க்கணும். இதுக்குன்னு இருக்கிற பசை பிளாஸ்டிக்கையே லேசா கரைச்சு ஒட்டும். ரெண்டு துண்டையும் சேர்த்துப் பிடிச்சு விளிம்புல ஒரு சொட்டு தொட்டா போதும், வாய்க்கால் தண்ணி மாதிரி இடுக்குல தானா ஓடிடும்.

முதல்ல செய்ய வேண்டியது விமானி உட்கார்ற அறை. உடம்போட ரெண்டு பாதியையும் மூடிட்டா அப்புறம் உள்ளே கை போகாது. பச்சை பெயிண்ட் அடிச்சு, நாற்காலியை வெச்சுப் பார்த்தேன். என்னடா இது, இவ்வளவுதானான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்த விமானத்தைப் பத்தித் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

இதை வடிவமைச்சவர் மிட்சுபிஷி கம்பெனி இன்ஜினியர் ஜிரோ ஹோரிகோஷி. 1937-ல கடற்படை அவர்கிட்ட எல்லாத்தையும் ஒண்ணா கேட்டுச்சு. வேகமா போகணும், ரொம்ப தூரம் போகணும், சட்டுனு திரும்பணும், பெரிய பீரங்கியும் சுமக்கணும். ஆனா கையில கிடைச்ச இன்ஜினோ ஆயிரம் குதிரைசக்திக்கும் குறைவு. எடையைக் குறைக்கிறதைத் தவிர வேற வழியில்லை. புதுசா வந்திருந்த லேசான அலுமினியக் கலவையை எடுத்தார். உள்சட்டங்கள்ல தேவையில்லாத இடமெல்லாம் ஓட்டை போட்டார். நாற்காலியிலகூட ஓட்டை. கடைசியில 1940 மாடலோட வெறும் எடை சுமார் 1,680 கிலோ. நம்ம ஊர்ல ஓடுற 50 ஹெச்.பி. டிராக்டரே அதைவிட கனம். கூடுதல் டேங்க் மாட்டினா 3,000 கிலோமீட்டருக்கு மேல பறக்கும். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்னிக்குக் கொழும்பு மேலயும், 9-ஆம் தேதி திருகோணமலை மேலயும் கப்பல்ல இருந்து கிளம்பி வந்தது இதே ஜீரோதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சேதி வேற ஒண்ணு. நாகோயாவில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்குப் பக்கத்துல ஓடுதளம் கிடையாது. 1939-ல முதல் விமானத்தைச் செஞ்சு முடிச்சதும் பிரிச்சு, மாட்டுவண்டியில ஏத்தி, சுமார் 48 கிலோமீட்டர் தள்ளியிருந்த காகாமிகாஹாராவுக்குக் கொண்டு போனாங்க. ரோடு மோசம், லாரி குலுக்கிடும். வண்டி ஓட்டினவங்களுக்கு இது புரியும். மாடு குழி பார்த்துக் கால் வைக்கும். அப்படிப் போன விமானம்தான் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல்முதலா பறந்துச்சு.

சரி, எடையைக் குறைக்க எதையெல்லாம் விட்டாங்க? விமானியோட முதுகுக்குப் பின்னாடி இரும்புத் தகடு இல்லை. குண்டு துளைச்சா தானா அடைச்சுக்கிற பெட்ரோல் டேங்க் இல்லை. ரெண்டும் கனம். இறக்கையில ரெண்டு தோட்டா பட்டாலே தீப்பிடிக்கும். எதிரி பக்கத்துல 2,000 குதிரைசக்தி இன்ஜினும் கவசமும் உள்ள விமானங்கள் வந்ததும் கதை மாறிடுச்சு. தேர்ந்த விமானிகள் ஒவ்வொருத்தரா போனாங்க. 1944 அக்டோபர்ல இதே ஜீரோவுல 250 கிலோ குண்டைக் கட்டி, ஆளோட சேர்த்துக் கப்பல் மேல மோதவும் அனுப்பினாங்க.

இறக்கையில சிவப்பு வட்டம் ஒட்டிட்டு இருந்தேன். அது தண்ணியில ஊறப்போட்டு எடுக்கிற மெல்லிசான ஸ்டிக்கர், மூச்சுவிட்டாக்கூட நகர்ந்துடும். அப்பா பின்னாடி வந்து நின்னு பார்த்தார்.

“ஏன்டா, இது ஜப்பான்காரன் ஏரோப்பிளேன்ல்ல?”

“ஆமாப்பா.”

“எங்க சித்தப்பாவைக் கொண்டு போனவன்ல அவன்?”

அதுக்கு மேல ஒண்ணும் பேசலை, கொல்லைப் பக்கம் போயிட்டார்.

என் சின்னத் தாத்தா மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான் மலாயாவைப் பிடிச்சதும் கடுதாசி நின்னு போச்சு. போர் முடிஞ்சு திரும்பி வந்த ஒருத்தர்தான், சயாமுக்கு ரயில் ரோடு போட அவரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொல்லியிருக்கார். சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல காட்டுக்குள்ள 415 கிலோமீட்டர் பாதை அது. 1942, 43-ல போட்டாங்க. காலராவிலும் பசியிலும் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் அங்கேயே போயிட்டாங்க. அப்பா பொறந்ததே அதுக்கப்புறம்தான், சித்தப்பா முகத்தைப் பார்த்ததில்லை. திதி தெரியாததால இன்னும் ஆடி அமாவாசைக்குத்தான் எள்ளும் தண்ணியும் இறைக்கிறார்.

மலாயா மேல பறந்தது பெரும்பாலும் ஜப்பான் தரைப்படையோட வேற ரக விமானங்கள். ஆனா அந்த வித்தியாசம் அப்பாவுக்கு எதுக்கு? பத்து நாள் மாடலைத் தொடலை. துண்டு போட்டு மூடி வெச்சிருந்தேன்.

பதினோராம் நாள் அப்பாவே கேட்டார். “அதை ஏன் பாதியில போட்டுட்டே?” உட்கார வெச்சு நான் படிச்சதையெல்லாம் சொன்னேன். மாட்டுவண்டி விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சார். முதுகுத் தகடு இல்லாத விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்னுடுச்சு.

“சொந்த ஊர்ப் புள்ளையையே இப்படி உட்கார வெச்சிருக்கான். நம்ம ஆளு உயிரையா எண்ணியிருக்கப் போறான்?”

இத்தனை நாள் படிச்சும் எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஒரு நிமிஷத்துல பிடிபட்டுடுச்சு. விமானம் செஞ்சவர் கெட்டிக்காரர், அதுல சந்தேகமே இல்லை. ஆனா கணக்குப் போடச் சொன்னவங்க மனுஷனைக் கடைசி வரியில எழுதிட்டாங்க. ரயில் ரோட்டிலயும் அதே கணக்குதான்.

டப்பாவுல ஒரு விமானி பொம்மையும் இருந்துச்சு. வைக்கலாம், வைக்காமலும் விடலாம். நான் வெச்சேன். ஆள் இல்லாத விமானத்தைப் பார்த்தா அழகு மட்டும்தான் தெரியும். கண்ணாடிக் கூட்டை ஒட்டி, கடைசியா பளபளப்பைக் குறைக்கிற வார்னிஷை அடிச்சேன். இந்த மாசம் செய்றவங்க உச்சிவெயில் நேரத்துல அடிங்க. பனி இறங்கின பிறகு அடிச்சா வெள்ளையா பூத்துடும்.

உங்க வீட்டிலயும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போய்த் திரும்பாதவங்க இருந்திருப்பாங்க. பெரியவங்க இருக்கும்போதே அவங்க பேரையாவது கேட்டு எழுதி வெச்சுக்குங்க. எங்க சின்னத் தாத்தா பேரை அப்பா சொல்லச் சொல்ல நானும் எழுதிட்டேன், நிலப் பத்திரம் வைக்கிற பெட்டியில இருக்கு.