நான்கு கம்பிகளும் ஒரு கையெழுத்தும்

பெயர் மீது ஆசையில்லாதவர் யார்? பள்ளிக்கூட மேசையில் காம்பஸ் முனையால் பெயரைக் கீறி, ஆசிரியரிடம் பிரம்படி வாங்கியவர்கள்தாம் நாம் எல்லோரும். பெயர் வெட்டாத பாத்திரத்தோடு நம் ஊரில் எந்தச் சீர்வரிசையும் புறப்படுவதில்லை. கோயிலுக்கு ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தவரோ, வெளிச்சம் வெளியே வர இடமில்லாத அளவுக்கு ‘உபயம்’ எழுதிவைத்துவிட்டுப் போகிறார்.

ஆனால் ஒரு பொருளின்மேல் யாருடைய பெயர் இருக்கவேண்டும்? செய்தவர் பெயரா? காசு கொடுத்தவர் பெயரா? அதைக் கையில் எடுத்துப் புகழ் பெற்றவர் பெயரா? சென்ற பருவத் தேர்வுக்கு முந்தைய வாரம், படிக்கவேண்டிய நேரத்தில், எங்கள் விடுதி அறையில் எழுந்த வாதம் இதுதான். வாதத்தைத் தொடங்கிவைத்தது ஒரு விலைப்பட்டியல். ஒரே நிறுவனம் செய்த இரண்டு பேஸ் கிதார்கள். ஒன்று சாதாரணமானது. மற்றொன்றில் புகழ் பெற்ற கலைஞர் ஒருவரின் கையெழுத்து பொறிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து உள்ளதற்கு விலை கூடுதல்.

வணிகவியல் நண்பர், “இது வியாபாரத் தந்திரம். மரம் ஒன்று, கம்பி ஒன்று, பெயருக்குத்தான் காசு” என்றார். தமிழ் இலக்கியம் படிக்கும் நண்பரோ, “பாட்டுக்குப் பின்னால் நிற்கும் கலைஞனுக்கு உலகம் காட்டும் மரியாதை இது. விலை கூடினால் கூடட்டும்” என்றார். நான் இயற்பியல் மாணவன். என் பக்கம் எது என்று சொல்ல எனக்குச் சில நாட்கள் பிடித்தன. அந்தச் சில நாட்களில் படித்ததையும் நினைத்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், பேஸ் கிதார் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண கிதாரின் தடித்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். பேஸ் கிதாரின் தடித்த கம்பி அதில் பாதி, ஏறத்தாழ 41 முறைதான் அதிரும். நான்கே கம்பிகள். அது தாளத்துக்கும் பண்ணுக்கும் நடுவே நின்று இரண்டையும் கட்டிவைக்கும் வேலையைச் செய்கிறது. வீட்டுக்கு அஸ்திவாரம்போல என்று சொல்லலாம். அஸ்திவாரத்தை யாரும் நின்று பார்த்து ரசிப்பதில்லை அல்லவா?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தப்பா ஒரு மெல்லிசைக் குழுவில் 22 ஆண்டுகளாக பேஸ் கிதார் வாசிக்கிறார். இளையராஜாவின் பாடல்களை ஒலிநாடாவில் போட்டு, திரும்பத் திரும்பச் சுற்றிக் கேட்டு, தாமாகவே கற்றுக்கொண்டவர். அந்தக் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதை அவர் தெரிந்துகொண்டதே பல ஆண்டுகள் கழித்துத்தான். அவருடைய கிதார் பழையதாக வாங்கியது. அதன் தலைப்பகுதியில் இருந்த கம்பெனிப் பெயர் எப்போதோ தேய்ந்து போய்விட்டது. ஒருமுறை மாரியம்மன் கோயில் திருவிழாக் கச்சேரியில், பாட்டின் நடுவில் அவருடைய கிதாரின் வயர் விட்டுப்போயிற்று. பாடகர் பாடிக்கொண்டுதான் இருந்தார், தபேலா ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. முன்னால் பாய் விரித்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “என்னப்பா, பாட்டு திடீர்னு மெலிஞ்சு போச்சு?” என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். என்ன போயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. ஏதோ போயிற்று என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

அந்தக் குழுவின் சுவரொட்டியில் பாடகர்களின் படம் இருக்கும். நிர்வாகியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கீபோர்டு, தபேலா வாசிப்பவர்களின் பெயரும் இருக்கும். கடைசியில் ‘மற்றும் குழுவினர்’ என்று முடியும். என் சித்தப்பா 22 ஆண்டுகளாக அந்த ‘மற்றும்’ என்ற சொல்லுக்குள்தான் குடியிருக்கிறார். ஆகவே பேஸ் கலைஞரின் பெயரைப் பற்றிய இந்தக் கேள்வி எனக்கு வெறும் பொழுதுபோக்கு வாதமாக இல்லை.

இனி, கடல் கடந்து செல்வோம். இந்தக் கதை தொடங்கும் இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள ஃபுல்லர்டன் என்னும் ஊர். அங்கே வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அதுவரை மேல்நாட்டு இசைக்குழுக்களில் ஆள் உயரத்துக்கும் மேலான டபிள் பேஸ் என்ற வாத்தியத்தைத்தான் நின்றுகொண்டு வாசித்தார்கள். அதைத் தூக்கிச் செல்வதே பெரும்பாடு. தாளக்கருவிகளும் மின்கிதார்களும் முழங்கும்போது அதன் ஒலி காதில் விழாது. 1951-ல் ஃபெண்டர் அதற்கு மாற்றாக ஒரு கருவியைச் செய்தார். தோளில் மாட்டிக்கொள்ளலாம், மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கலாம், வீணையில் இருப்பதுபோல் மெட்டுகள் இருப்பதால் சுரம் பிசகாது. பிசகாது என்பதால்தான் அதற்கு ‘பிரிசிஷன் பேஸ்’, அதாவது துல்லிய பேஸ், என்று பெயரிட்டார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. லியோ ஃபெண்டருக்குக் கிதார் வாசிக்கவே தெரியாது! வாசிப்பவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் தம் கருவிகளைத் திருத்தினார். ஆனால் தலைப்பகுதியில் இருந்த பெயர் அவருடையது மட்டுமே.

கலைஞர் பெயரில் கிதார் வெளியிடும் வழக்கம் பழையது. கிப்சன் நிறுவனம் 1920-களின் இறுதியிலேயே நிக் லூகஸ் என்ற பாடகரின் பெயரில் ஒரு கிதாரை விற்றது. 1952-ல் லெஸ் பால் என்ற கலைஞரின் பெயரில் அது வெளியிட்ட மின்கிதார் இன்றும் உலகமெங்கும் விற்கிறது. அந்தக் கிதாரைத் தெரிந்தவர்களில், லெஸ் பால் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதை அறியாதவர்களும் உண்டு. ஆனால் பேஸ் வாசிப்பவர்களின் முறை வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று. பேஸ் கிதாரை உலகுக்குத் தந்த ஃபெண்டர் நிறுவனமே ஒரு பேஸ் கலைஞரின் பெயரில் கருவி வெளியிட்டது 1993-ல்தான். ஸ்டூவர்ட் ஹாம் என்பவருக்கு அந்தப் பெருமை கிடைத்தது. 1951-லிருந்து 1993 வரை, 42 ஆண்டுகள்! அஸ்திவாரத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை என்று சொன்னேனே, அதற்கு இதுவே சாட்சி.

வணிகவியல் நண்பரின் கட்சிக்கு வலுச்சேர்க்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் 1960-களில் பேஸ் வாசித்தவர். அந்நிறுவனத்தின் வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றுக்கு அடித்தளம் அவருடைய ஒற்றை விரல். ஆம், வலக்கையின் ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே கம்பிகளை மீட்டினார். ‘கொக்கி’ என்று அந்த விரலுக்குப் பட்டப்பெயரே உண்டு. அவர் கையில் இருந்தது 1962-ஆம் ஆண்டின் சாதாரண பிரிசிஷன் பேஸ். யாரும் கடையில் வாங்கக்கூடியது. கம்பி அறுந்தாலன்றி அவர் அதை மாற்றுவதில்லை. உலகமே வியந்த அந்த நாதத்துக்குத் தனி மரமும் தேவைப்படவில்லை, தனி மின்சுற்றும் தேவைப்படவில்லை. அப்படியானால் கையெழுத்துப் போட்ட கருவியை வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? பெயரை வாங்கலாம், விரலை வாங்க முடியுமா?

நியாயமான கேள்விதான். ஆனால் இதே ஜேமர்சனின் வாழ்க்கை வேறொன்றையும் சொல்கிறது. அக்காலத்தில் மோட்டவுன் இசைத்தட்டுகளின் உறையில் பக்கவாத்தியம் வாசித்தவர்களின் பெயர் அச்சிடப்படவில்லை. 1971-ல் வெளிவந்த மார்வின் கேயின் இசைத்தட்டில்தான் அவர் பெயர் இடம்பெற்றது. 1983-ல் மோட்டவுன் தன் 25-ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது அவருக்கு அழைப்பு இல்லை. வெளியில் விற்றவரிடம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து வெகு தொலைவில் அமர்ந்து பார்த்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், 47-ஆம் வயதில், அவர் காலமானார். அதற்குச் சற்று முன்னர்தான் அவருடைய கிதாரும் களவுபோயிருந்தது. இன்று லா பெல்லா என்னும் நிறுவனம் அவர் பயன்படுத்திய வகைக் கம்பிகளை ஜேமர்சன் என்று பெயர் போட்டு விற்கிறது. 2000-ல் ராக் இசைப் புகழ் மண்டபத்திலும் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. எல்லாம் வந்தன, அவர்தாம் இல்லை.

இலக்கிய நண்பரின் கட்சிக்கும் சான்றுகள் உண்டு. பேஸ் கிதார் பிறந்த அதே 1951-ல் பிறந்தவர் ஜாகோ பஸ்டோரியஸ். அவர் வாசித்தது 1962-ஆம் ஆண்டின் ஃபெண்டர் ஜாஸ் பேஸ். அதில் மெட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. அந்தப் பள்ளங்களை நிரப்பி, படகுக்குப் பூசும் எபாக்ஸியை மேலே பூசி இறுகச் செய்தார். கம்பி பட்டுத் தேயாத, கண்ணாடி போன்ற அந்தப் பரப்பில் பேஸ் கிதார் பாடத் தொடங்கியது. கமகம் அறிந்த நம் காதுக்கு அதன் இனிமையை விளக்கவேண்டியதில்லை. இங்கே மாறியது கருவியே. அதற்கு அவர் பெயர் வைப்பதை வெறும் விளம்பரம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் கருவி வெளியிட்டது 1999-ல். அவர் 1987-லேயே, 35 வயதில், இறந்துவிட்டார். 1986-ல் நியூயார்க்கில் திருடப்பட்ட அவருடைய கிதார் 20 ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. அது யாருக்கு உரியது என்ற வழக்கு, மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோ பணம் கொடுத்து உதவியதால் தீர்ந்தது.

ஆந்தனி ஜாக்ஸன் இன்னும் ஒரு படி மேலே போனார். கிதார் இனத்தைச் சேர்ந்த கருவிக்கு நான்கு கம்பி மட்டும் எதற்கு, ஆறு இருக்கலாமே என்று கேட்டார். அவர் சொன்னபடி 1975-ல் கார்ல் தாம்ஸன் என்ற கைவினைஞர் ஆறு கம்பி பேஸைச் செய்து கொடுத்தார். இன்று கடைகளில் சாதாரணமாகத் தொங்கும் ஆறு கம்பி பேஸ்களுக்கெல்லாம் அந்தக் கேள்விதான் மூதாதை.

ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், மக்களே பெயர் சூட்டிய கருவியும் உண்டு. 1961-ல் பால் மெக்கார்ட்னி ஹாம்பர்க் நகரில் ஏறத்தாழ 30 பவுனுக்கு, வயலின் உருவத்தில் இருந்த ஹாஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். அவர் இடக்கைக்காரர். இருபுறமும் ஒத்த வடிவம் ஆதலால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தோன்றாது என்பது அவர் கணக்கு. விலை மலிவு என்பது இன்னொரு கணக்கு. உலகம் அதற்கு ‘பீட்டில் பேஸ்’ என்று பெயர் வைத்துவிட்டது. 1972-ல் திருடுபோன அந்தக் கருவி அவரிடம் திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி 2024-ல் வெளியானபோது, உறவினர் ஒருவர் வீடு திரும்பியதுபோல் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

இத்தனையும் வாசித்தவர்களைப் பற்றி. கருவியைச் செய்த கைகள்? ஃபெண்டர் தொழிற்சாலையின் ஆரம்ப நாட்களில் கிதாரின் கழுத்துப் பகுதியைச் செதுக்கிய டடேயோ கோமெஸ், அதன் அடிப்பாகத்தில், உடலோடு பொருத்தினால் மறைந்துபோகும் இடத்தில், பென்சிலால் தம் பெயரின் முதலெழுத்துகளையும் தேதியையும் குறித்துவைத்தார். அங்கே 1956-ல் வேலைக்குச் சேர்ந்த அபிகெயில் இபாரா என்ற பெண்மணி, 2013-ல் ஓய்வு பெறும்வரை பிக்கப்புகளுக்குக் கம்பி சுற்றினார். அவருடைய பெயர் பொறித்த பிக்கப்புகளை இன்று சேகரிப்போர் தேடி அலைகிறார்கள். அந்தப் பென்சில் குறியும் ஒரு கையெழுத்துத்தானே?

நம் மண்ணிலும் இதற்கு இணை உண்டு. நாதசுர சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை, உச்ச சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நீண்டு தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பாரி நாயனத்தைப் பரப்பினார். அவர் மனத்தில் இருந்த நாதத்தை மரத்தில் கொண்டுவந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தக் கருவி ஊரின் பெயரால் நரசிங்கம்பேட்டை நாதசுரம் எனப்பட்டது. வாசித்தவர் பெயரும் இல்லை, செய்தவர் பெயரும் இல்லை, இருவரையும் அறிந்த ஊரின் பெயர் நின்றது. இதுவும் ஓர் அழகிய முறை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் என் தீர்ப்பு என்ன? கருவியை மாற்றியவருக்கு, அதில் முன்பு இல்லாத ஒரு வழியைத் திறந்தவருக்கு, அந்தக் கருவியில் பெயர் பொறிக்கப்படுவது உரிமையாகும். அதன் வருவாயில் பங்கும் அவருக்குச் சேரவேண்டும். கருவியில் எதையும் மாற்றாமல், புகழை மட்டும் கடன் கொடுப்பவரின் கையெழுத்து ஒரு விளம்பரம். விளம்பரம் செய்வது குற்றமன்று. அதை மரியாதை என்று அழைக்கவேண்டாம், அவ்வளவே. எப்படியாயினும், கொடுப்பதை அவர் கண்ணால் காணும்போதே கொடுக்கவேண்டும்.

இதையெல்லாம் விடுமுறையில் சித்தப்பாவிடம் சொல்லி, “உங்க பேர்ல ஒரு கிதார் வந்தா எப்படி இருக்கும் சித்தப்பா?” என்று கேட்டேன். கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கிதார்ல எதுக்குடா பேரு? முதல்ல நோட்டீஸ்ல போடச் சொல்லு” என்றார்.

எங்கள் விடுதி வாதத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத வரிசை அது. ஜேமர்சன் கேட்டிருக்கக்கூடியதும் தம் பெயரில் ஒரு கிதார் அன்று, இசைத்தட்டின் உறையில் ஒரு வரி. மரத்தில் பெயர் பொறிப்பது சிலருக்கே வாய்க்கும். தாளில் பெயர் அச்சிடுவது எல்லோருக்கும் செய்யக்கூடியது, செலவும் இல்லாதது. நம் கல்லூரி ஆண்டு விழா அழைப்பிதழிலும் பாடுவோர் பெயருக்குக் கீழே ‘மற்றும் குழுவினர்’ என்றுதான் ஆண்டுதோறும் அச்சாகிறது. வரும் ஆண்டு விழாக் குழுவில் இருக்கப்போகும் நண்பர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அங்கே அவர்கள் பெயர்களை எழுதுங்கள். பேஸ் கிதார் வாசிக்கும் மாணவருக்கும் ஒரு வரி கொடுங்கள்.