ஃபினாயில் பில்லும் ஒரு தீர்மானமும்

ஜூன் 3, செவ்வாய்

செயற்குழு இன்று மாலை கூடியது. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்தான்: காப்பகத்தில் நாய்க்குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரை வேலையை விட்டு நீக்குவது. பார்வோ என்ற தொற்றுநோய் வந்து குட்டிகள் அடுத்தடுத்துச் செத்துவிட்டன. அவர் கூண்டை ஒழுங்காகக் கழுவவில்லை என்பது குற்றச்சாட்டு. “அந்த ஆளுக்கு இரக்கமே இல்லை சார்” என்றார் செயலாளர். தலைவர் அம்மா கண் கலங்கினார். தன் வீட்டுக் கொல்லையில் இந்தக் காப்பகத்தைத் தொடங்கியவர் அவர். அவர் கலங்கிவிட்டால் குழுவில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நான் பொருளாளராக வந்தது இந்த ஆண்டுதான். வங்கித் தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்த பழக்கம், கையெழுத்துப் போடுமுன் காகிதத்தைக் கேட்பேன். மனிதருக்கு ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை, விளக்கம் கேட்கவில்லை. தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

ஜூன் 5, வியாழன்

சொல்லாமல் கொள்ளாமல் காப்பகத்துக்குப் போனேன். கொள்முதல் பில்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாதாமாதம் ஃபினாயில். ப்ளீச்சிங் பவுடருக்கு ஒரு பில்கூட இல்லை. பார்வோ கிருமி சாதாரண ஃபினாயிலுக்குச் சாகாது. மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ப்ளீச்சிங் கரைசல் ஊற்றிச் சற்று நேரம் ஊறவிட்டால்தான் அடங்கும். இதைச் சொன்னவர் எங்கள் கால்நடை மருத்துவர்.

“நான் எழுதியே கொடுத்தேன் சார். ப்ளீச்சிங் பவுடர் வேணும், புதுசா வர்ற குட்டிக்குத் தனிக் கூண்டு வேணும்னு. குழுவுல வைக்கிறோம்னாங்க.”

வைத்திருக்கிறார்கள். கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ‘நிதி நிலைமை கருதி ஒத்திவைக்கப்பட்டது.’ அடுத்த கூட்டத்திலும் அதே வரி. அதே பக்கத்தில், நன்கொடையாளர் விழாவுக்குப் பந்தல் செலவு ஏகமனதாக ஒப்புதல் பெற்றிருக்கிறது.

அந்தப் பணியாளரையும் பார்த்தேன். காலை ஆறரைக்கு வருகிறவர், ஒரே ஆளாக எல்லாக் கூண்டையும் பார்க்கிறார். “கழுவச் சொன்னாங்க, கழுவினேன். எதை ஊத்தணும், எவ்வளவு நேரம் ஊறணும்னு எனக்கு யாரு சார் சொன்னா?” என்றார். பதில் என்னிடம் இல்லை. நோய் கண்ட குட்டியைத் தொட்ட கையோடு நல்ல குட்டிக்குக் கஞ்சி வைத்தாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார். அது அவர் பக்கத் தவறு, எழுதிக்கொண்டேன். ஆனால் அவருக்குக் கையுறை வாங்கிய பில்லும் இல்லை.

கிளம்புமுன் மருந்து அலமாரி. கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும் கெட்டமைன், போதைக்குப் பயன்படுகிறது என்பதால் 2013 முதல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கும் மருந்து. பூட்டி வைத்து, ஒவ்வொரு குப்பிக்கும் கணக்கு எழுத வேண்டும். இங்கே சாவியும் பதிவேடும் மேலாளர் ஒருவரிடமே. எண்ணிப் பார்த்தேன், இருப்பு சரியாக இருந்தது. அது மேலாளரின் நேர்மை. பதிவேட்டில் குழு உறுப்பினர் எவருடைய கையெழுத்தும் இல்லை. வங்கியில் பெட்டகச் சாவியை இருவரிடம் பிரித்துக் கொடுப்பது அதிகாரிகள் திருடர்கள் என்பதற்காக அல்ல; நாளைக்கு ஒரு கட்டு குறைந்தால் நல்லவன் மேல் பழி விழாமல் இருப்பதற்கும் அதுதான் வழி.

தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தில், அகற்றிய உறுப்புகளைப் பாதுகாத்து வைத்து எண்ணிச் சரிபார்க்கும் நடைமுறை உண்டு, செய்யாத அறுவைக்குப் பணம் கேட்டுவிடக் கூடாது என்று. நாயிடம் அன்பானவர்கள்தானே என்று விலங்கு நல வாரியம் எண்ணாமல் விட்டுவிடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பழைய செய்திகளைத் தேடி வாசித்தேன். அமெரிக்காவின் ஹியூமன் சொசைட்டி என்ற விலங்கு நல அமைப்பு, 2018. தலைமை நிர்வாகி வெய்ன் பசெல்லி மீது பெண் ஊழியர்கள் பாலியல் தொல்லைப் புகார் கூறினார்கள். அவர் மறுத்தார். இயக்குநர் குழு ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்தது. பிப்ரவரி 1 அன்று குழு கூடி, அவர் பதவியில் தொடரட்டும், விசாரணை போதும் என்று பெரும்பான்மையில் முடிவெடுத்தது. எதிர்ப்புத் தெரிவித்து உறுப்பினர்கள் ஏழு பேர் விலகினார்கள். நன்கொடையாளர்களும் ஊழியர்களும் கொதித்தார்கள். மறுநாளே பசெல்லி பதவி விலகினார்.

கோடிகளில் புரளும் அமைப்பு, வழக்கறிஞர்கள், விதிமுறைகள், எல்லாம் இருந்தன. நிறுவனத்தை வளர்த்தவர், நிதி திரட்டித் தருகிறவர் என்று வந்தவுடன் குழுவுக்குக் கை வரவில்லை. எங்கள் ஊரில் அதே கை, கூண்டு கழுவுகிறவர் என்றால் உடனே நீளுகிறது. மேலே இருப்பவருக்கு விசாரணையைப் பாதியில் நிறுத்துகிறார்கள். கீழே இருப்பவருக்கு விசாரணையே வேண்டாம் என்கிறார்கள்.

ஜூன் 16, திங்கள்

1824இல் இதே நாளில்தான் லண்டனில் ஒரு காபிக் கடையில் கூடி, இன்றைய ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். முதல் செயலாளர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். திருச்சபைப் பணியை விட்டுவிட்டு இதற்கு வந்தவர். சந்தையில் மாடுகளை வதைப்பவர்களைக் கண்காணிக்கத் தன் காசில் ஆள் வைத்தார். இரண்டே ஆண்டில் சங்கம் கடனில் மூழ்கியது. கடனாளிகள் சிறைக்குப் போனவர் செயலாளர் புரூம்தான். குழுவில் பெயர் கொடுத்த பெரிய மனிதர்கள் எவரும் போகவில்லை. பிறகு ரிச்சர்ட் மார்ட்டினும் லூயிஸ் கோம்பெர்ட்சும் பணம் திரட்டி மீட்டார்கள். உலகின் மூத்த விலங்கு நலச் சங்கமே இப்படித்தான் தொடங்கியிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். செயலாளருக்கு இதைச் சொன்னால் அவர் சிரிப்பாரா தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டம். பில்களையும் குறிப்புப் புத்தகத்தையும் மருத்துவரின் கடிதத்தையும் மேசையில் வைத்தேன். “எங்க மேலேயே பழியா?” என்றார் செயலாளர். “நாம கையெழுத்துப் போட்ட பக்கம்தானே சார்” என்றேன். தலைவர் அம்மா கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். “இந்தக் கடிதம் எனக்கு வரவே இல்லையே” என்றார். மேலாளர் வழியாக வருகிற காகிதம் மட்டுமே அவருக்கு வரும் என்பது இன்றுதான் வெளிப்பட்டது.

நீக்கத் தீர்மானம் கைவிடப்பட்டது. நோய்க் குட்டியைத் தொட்ட கையோடு கஞ்சி வைத்ததற்குப் பணியாளருக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை, கூடவே மருத்துவரின் பயிற்சி. தனிக் கூண்டுக்குப் பணம் ஒதுக்கினார்கள். அடுத்த விழாவுக்குப் பந்தல் கிடையாது. ஊழியர் யாரும் மேலாளரைத் தாண்டிக் குழு உறுப்பினர் ஒருவரிடம் நேரடியாகப் புகார் சொல்லலாம். மருந்து அலமாரிக்கு இரண்டு சாவி. மாதம் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் முன்னறிவிப்பின்றிப் போய், எண்ணி, பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும்.

முதல் முறை செயலாளரின் பெயர் விழுந்திருக்கிறது. ஜூலையில் போகிறார்.