கேப் ஹென்லோபனின் கீழ்த் தளம்

லாங் ஐலண்டின் வடகிழக்கு முனையான ஓரியண்ட் பாயிண்டில் இருந்து கனெக்டிகட்டின் நியூ லண்டனுக்குக் கார் ஏற்றிப் போகும் ஃபெரிகளில் ஒன்றின் பெயர் கேப் ஹென்லோபன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் 1944 ஜூனில் நோர்மண்டித் தரையிறக்கத்துக்குப் போன கப்பல் அது. அப்போது அதற்குப் பெயரே இல்லை, எல்எஸ்டி 510 என்ற இலக்கம் மட்டும்தான்.

எல்எஸ்டி என்பது டாங்கிகளை நேரே கரையில் இறக்கும் கப்பல். துறைமுகம் தேவையில்லை. அடித் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பினால் ஆழ்கடலைத் தாங்கும். தண்ணீரை வெளியேற்றினால் மேலெழுந்து மணலிலேயே போய் நிற்கும். முன்பக்கக் கதவுகள் இரண்டும் திறக்க, டாங்கிகள் இறங்கும். 328 அடி நீளம், வேகமோ சுமார் 12 நொட். அதனால் அந்த மூன்று எழுத்துக்கும் 'பெரிய, மெதுவான இலக்கு' என்று மாலுமிகள் வேறு விளக்கம் சொல்லிச் சிரிப்பார்களாம். இது கட்டப்பட்டது கடலோரத்திலும் இல்லை. இண்டியானாவில், ஒஹாயோ ஆற்றங்கரையில்!

இந்த வகைக் கப்பல்கள் போகும்போது டாங்கி கொண்டுபோயின. திரும்பும்போது அதே தளத்தில் காயப்பட்டவர்களைக் கிடத்திக் கொண்டுவந்தன.

யுத்தம் முடிந்து, விற்கப்பட்டு, செசபீக் விரிகுடாவில் ஃபெரியாக ஓடியது. 1964இல் அங்கே பாலமும் சுரங்கப்பாதையும் திறந்ததும் அந்த வேலை போய்விட்டது. பிறகு டெலவேர் விரிகுடா. இப்போதைய பெயர் அங்குள்ள ஒரு முனையின் பெயர்தான். எண்பதுகளில் இந்தப் பக்கம் வந்தது.

இதையெல்லாம் கார் தளத்தில் நின்று மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயது. "அம்மா, இதில ஆக்கள் செத்தவையா?" என்றான். கணவர் என்னைப் பார்த்த பார்வையே 'காணும், விடும்' என்றது. சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு சொல்வது என்பதில் எங்கள் இருவருக்கும் எப்போதும் இழுபறிதான். சொல்லாமல் விட்டாலும் யூடியூபில் பார்ப்பான் என்பது என் கட்சி.

பக்கத்தில் நின்ற அப்பா முந்திக்கொண்டார். "83இல நாங்களும் சாமான் ஏத்துற கப்பலிலதான் கொழும்பில இருந்து காங்கேசன்துறைக்கு வந்தனாங்கள். இப்பிடித்தான், கீழ, சனத்தோட சனமா."

நான் இங்கே பிறந்தவள். 'கலவரத்துக்குப் பிறகு ஊருக்குப் போனோம்' என்ற ஒரு வரிதான் எனக்குத் தெரியும். பஸ்ஸில் போனார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் அதைச் சொன்னதும் என்னிடம் இல்லை, பேரனிடம்.

"சாப்பாடு?" என்றான் அவன்.

"பாண். உன்ர அம்மம்மா சாப்பிடேல்ல. சத்தி எடுத்துக்கொண்டு இருந்தவ."

கணவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மேலே போவோம் என்றும் கூப்பிடவில்லை.

அந்தப் பக்கம் போனால், கப்பலில் ஏறமுன் பெயரைப் பாருங்கள். அந்த வழியில் வேறு கப்பல்களும் ஓடுகின்றன. கேப் ஹென்லோபன் கிடைத்தால், கார் கதவைப் பூட்டிவிட்டு உடனே மேலே ஓடாதீர்கள். வயதானவர்கள் கூட இருந்தால், அவர்களும் கொஞ்சம் நிற்கட்டும்.