ஜாகுவார் வண்டியும் பௌதிகக் கணக்கும்

கல்லூரி நினைவொன்றை எழுதியனுப்புமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது எம் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு மோட்டார் வண்டி. கல்லூரிக்கும் அவ்வண்டிக்கும் யாது தொடர்பு என அன்பர்கள் வினவலாம். பௌதிக வகுப்பில் நாம் பிழைவிட்ட ஒரு கணக்கே தொடர்பு.

மணிக்கு 40 மைல் வேகத்திற் செல்லும் வண்டியைப் பிறேக் பிடித்து நிறுத்த ஒரு குறித்த தூரம் வேண்டும். வேகம் 80 மைலாயின் எத்துணைத் தூரம் வேண்டும்? “இரண்டு மடங்கு, சேர்” என்று முந்திக்கொண்டு சொன்னோம். ஆசிரியர் எம்மை வாங்கின்மேல் ஏற்றிவிட்டார். இயக்கப்பண்புச் சத்தி வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுமாதலால் சரியான விடை நான்கு மடங்கு. பாடம் முடியுமட்டும் வாங்கின்மேல் நின்றமையால், அவ்விடை எம்முள் நன்கு பதிந்துவிட்டதென்றே நம்பியிருந்தோம்.

1961இல் தொழில் பயிலக் கொவென்றி நகர் சென்றோம். 1940 நவம்பரிற் குண்டுவீச்சால் எரிந்த நகரம் அது. நாம் சென்ற காலத்திற் புதிய பேராலயம் எழுந்துகொண்டிருந்தது. நகரின் ஓரத்தே பிறவுண்ஸ் லேனில் ஜாகுவார் தொழிற்சாலை இருந்தது. நாம் வேலை பார்த்தது வேறோரிடத்தில். எனினும் மாலை வேளைகளில் வீதியிற் செல்லும் ‘மார்க் 2’ சலூன் வண்டிகளைக் கண்டால் சைக்கிளை விட்டிறங்கி நிற்போம்.

1959இல் வெளிவந்த வண்டி அது. வெளித்தோற்றத்தில் ஐவர் அமரும் குடும்ப வண்டி. உள்ளே தோலிருக்கையும் வால்நட் மரப்பலகையும். ஆனால் முன்மூடியைத் திறந்தால் இருப்பதோ பந்தய வண்டியின் இயந்திரம். போர்க்கால இரவுகளிற் கூரைமேல் தீக்காவலுக்கு நின்ற பொறியியலாளர்கள், பொழுதைப் போக்கப் பேசிப் பேசியே அவ்வியந்திரத்தை உருவாக்கினர் என்பது கொவென்றியில் எவருஞ் சொல்லும் கதை. 1948இல் முதலில் வெளிவந்த அவ்வாறு சிலிண்டர் இயந்திரமே 3.8 லீற்றர் அளவில் 220 குதிரைவலு தந்து, மார்க் 2 வண்டியை மணிக்கு 125 மைல்வரை செலுத்திற்று. அக்காலத்தில் ஆங்கிலப் பொலிசாரும் அதனை விரும்பினர். அவர்களிடமிருந்து தப்பியோட வேண்டியவர்களும் அதனையே விரும்பினர்!

எனினும் எம் கருத்தில் அவ்வண்டியின் பெருமை அதன் பிறேக்கிலேயே உள்ளது. பழைய முறையிற் சக்கரத்தோடு சுழலும் உருளையின் உட்புறத்தைக் கட்டைகள் அழுத்தும். பலமுறை பிடித்தால் வெப்பத்தால் உருளை விரிந்து கட்டையை விட்டு விலகும், பிடியும் தளரும். டிஸ்க் பிறேக்கிலோ, காற்றில் வெளிப்பட்டுச் சுழலும் தட்டை இரு பட்டைகள் இருபுறமும் விரலாற் பிடிப்பதுபோலப் பிடிக்கும். தட்டு சூடேறினாலும் விரைவில் ஆறும். விரிந்தாலும் பட்டையை நோக்கியே விரியும். டன்லொப் நிறுவனமும் ஜாகுவாரும் சேர்ந்து இதனைப் பந்தய வண்டிகளிற் பரீட்சித்தன. 1952இல் பிரான்சின் றீம்ஸ் பந்தயத்தில் ஸ்ரேர்லிங் மொஸ் அதனோடு வென்றார். மறு ஆண்டு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் றோல்ற், ஹமில்ரன் இருவரும் சராசரி 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி வெற்றி பெற்றனர். அதற்குமுன் அங்கு எவரும் அவ்வெல்லையைக் கடந்ததில்லை. ஆறாண்டுகளின் பின் அதே பிறேக் மார்க் 2இன் நான்கு சக்கரங்களிலும் வந்தது.

1968இல் பழைய 3.8 வண்டியொன்றை வாங்கினோம். சேமிப்பெல்லாம் கரைந்தது. மனைவியார் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவர் ஒன்றுஞ் சொல்லாதிருப்பதும் ஒரு சொல்லே என்பதை அந்நாளில் நாம் அறியோம்.

அடுத்த தை மாதம், இலண்டனில் உறவினர் வீட்டிலிருந்து இரவில் எம் 1 நெடுஞ்சாலை வழியே திரும்பினோம். பிள்ளை பின்னிருக்கையில் உறக்கம். 70 மைல் என்ற வேக எல்லை 1965 டிசம்பரிலேயே வந்துவிட்டது. எம் முள்ளோ 80இல் நின்றது. “இஞ்சருங்கோ, புகார் மூடுது, மெல்லப் போங்கோ” என்றார் மனைவியார். “இந்த வண்டிக்கு இது வேகமோ?” என்றோம். சொல்லி வாய் மூடுமுன் புகாரினுள்ளே இரு செந்நிறப் புள்ளிகள். அசையாது நின்ற லொறியொன்று!

பிறேக்கை அழுத்தினோம். வண்டி வழுக்காமல், திரும்பாமல், நேரே போய் நின்றது. லொறிக்கும் எமக்கும் இடையே ஒரு கதிரை வைக்க இடமிருந்தது. பிள்ளை இருக்கையிலிருந்து கீழே உருண்டு வீரிட்டழுதது. உதட்டிற் சிறு காயம், வேறொன்றுமில்லை. கைநடுக்கம் தீரும்வரை வீதியோரத்தில் நின்றோம். கொவென்றி சேரும்வரை எவரும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கியபோது, “இனி இதிலை பிள்ளையை ஏத்தமாட்டன்” என்றார். அவ்வளவே. அவர் சொன்னபடியே ஏற்றவுமில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடியுமுன் எழுந்து எம் பௌதிக ஆசிரியருக்கு நடந்தவற்றை மறைக்காமல் எழுதி, நான்கு மடங்கு என்பதை இப்போதுதான் கற்றோம் என முடித்தோம். மூன்று கிழமையில் ஆகாயத் தபாலிற் பதில் வந்தது. சுகம் விசாரித்தபின் இவ்வாறு எழுதியிருந்தார்: “பிறேக் பிடித்தபின் ஓடும் தூரமே நான்கு மடங்கு. கண் கண்டு கால் அழுத்துமுன் ஓடும் தூரத்தை நீர் கணக்கிற் சேர்க்கவில்லை. அது இரண்டு மடங்கே. அவ்வளவில் உமது பழைய விடை சரி. அதனை அன்று நானும் சொல்லாது விட்டேன்.”

ஆங்கில அரசினரின் நெடுஞ்சாலைக் கோவையை எடுத்துப் பார்த்தோம். 40 மைல் வேகத்திற்கு முதலில் 40 அடி, பின் 80 அடி. அக்கணக்கின்படி 80 மைலுக்கு முதலில் 80 அடி, பின் 320 அடி. ஆசிரியர் சொன்னபடியே இருந்தது. அந்த 80 அடியைக் குறைக்க எந்த டிஸ்க் பிறேக்காலும் இயலாது.

கடிதத்தை மனைவியாருக்கு வாசித்துக் காட்டினோம். பிள்ளையின் உதட்டுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பாராமலே, “உங்களை வாங்காலை இறங்கச் சொல்லி எழுதியிருக்கிறாரோ?” என்று கேட்டார்.

திரும்பவும் பார்த்தோம். அப்படி ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை.