ஆறு மாதத் தவணை

பெர்ப்பிஞான், தெற்கு பிரான்ஸ்



இங்கிருந்து வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் பெசியே என்றொரு நகரம். 2015இல் அங்கே 'மார்ச் 19, 1962' என்ற தெருவுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். அல்ஜீரிய விடுதலைப் போரில் துப்பாக்கிகள் ஓய வேண்டிய நாள் அது. பிரான்சின் பல ஊர்களில் இந்தத் தேதியில் தெரு உண்டு. பெயரை மாற்றியவர்களின் அரசியல் எனக்கு ஒவ்வாது. ஆனால் அந்த நாளோடு கொலைகள் நிற்கவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மை.

மார்ச் 18 அன்று, போரை நிறுத்துவதற்கான எவியான் உடன்படிக்கையில் பிரான்ஸ் சார்பில் லூயி ஜோக்ஸும் அல்ஜீரிய விடுதலை முன்னணி சார்பில் பெல்காசெம் கிரிமும் கையெழுத்திட்டார்கள். ஒரு வாரத்தில் அல்ஜியர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படையே ஐரோப்பியக் கூட்டத்தைச் சுட்டது. விடுதலை கொண்டாடிய ஜூலை 5 அன்று ஓரான் நகரில் ஐரோப்பியர்கள் தேடிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டிலேயே பல லட்சம் பேர் கப்பலேறி மார்செய்யில் இறங்கினார்கள்.

என்னை விடாமல் வருத்துவது ஹர்க்கிகளின் கதை. பிரெஞ்சுப் படைக்குத் துணையாகத் துப்பாக்கி ஏந்திய அல்ஜீரிய முஸ்லிம்கள் அவர்கள். போர்க்காலச் செயலுக்காக யாரையும் தண்டிப்பதில்லை என்று எவியானில் எழுதியிருந்தது. பிரான்ஸ் அவர்களின் ஆயுதங்களை வாங்கி வைத்துக்கொண்டு பெரும்பாலானவர்களை ஊரிலேயே விட்டுப் போனது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். மனம் பொறுக்காத சில அதிகாரிகள் தங்கள் ஆட்களைத் தாங்களே கப்பலேற்றினார்கள். அந்த அதிகாரிகளைத் தண்டிக்கவும், வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் மே மாதம் தந்தி போனது. அனுப்பியவர் எவியானில் கையெழுத்திட்ட அதே ஜோக்ஸ். இதற்கு எந்தச் சமாதானமும் என் மனம் ஏற்பதில்லை.

தப்பி வந்தவர்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் எங்கள் பக்கத்து ரிவ்சால்த் முகாமில் அடைபட்டார்கள். முன்பு யூதர்களை அடைத்து, அவுஷ்விட்சுக்கு அனுப்பிய முகாம் அது. மலைக்காற்று சீறும் அந்தக் கட்டாந்தரையில், முதல் குளிர்காலத்தைப் பலர் கூடாரத்தில் கழித்தார்கள்.

நான் புதுச்சேரிக்காரன், இந்தத் தேதிகள் எனக்கு அந்நியமல்ல. 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி அமைதியாக இறங்கியது. கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேர விரும்பிய பின் நடந்த கைமாற்றம். அதே நாள் விடியுமுன் அல்ஜீரியாவில் முதல் குண்டுகள் வெடித்தன. எங்கள் ஊரைச் சட்டப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்ததோ 1962 ஜூலையில், அல்ஜீரியா கைவிட்டுப் போன பிறகுதான். அது நடைமுறைக்கு வந்த ஆகஸ்ட் 16 முதல் எங்களுக்கு ஆறு மாதத் தவணை கிடைத்தது. பிரெஞ்சுக் குடிமகனாக இருக்க விரும்புபவர் எழுதிக் கொடுத்தால் போதும். உள்ளூரிலேயே, உயிருக்கு ஆபத்தின்றி.

ஹர்க்கிகள் பிரெஞ்சுக்காரராக நீடிக்க, முதலில் பிரான்சுக்கு வந்து சேர வேண்டியிருந்தது, பிறகே கையெழுத்து. கடல் தாண்ட முடியாதவர்களுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

2021இல் அதிபர் மக்ரோன் ஹர்க்கிகளிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு, முகாமில் கழித்த காலத்தைக் கணக்கிட்டு இழப்பீடு தரும் சட்டம் வந்தது. முகாம் காலம் மட்டுமே கணக்கில். அல்ஜீரியாவில் விடப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள், முகாமுக்கே வந்து சேராதவர்கள், அந்தக் கணக்கில் இல்லை.